‘லீவுக்கு’ என்பதில் உள்ள ‘க்கு’வை விடுங்கள்: ரிக்வெஸ்ட், ஆர்டர், விசிட் படும் பாடு

“வீ ரிக்வெஸ்ட் ஃபார் யுவர் கன்ஃபர்மேஷன். வீ ஹேவ் ஆர்டர்டு ஃபார் த பாக்ஸஸ். ப்ளீஸ் அட்வைஸ்.” கடைசிச் சொல்லில் எஸ் இருக்க வேண்டிய இடத்தில் சி.

சுங்குடிச் சேலையை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கடையிலிருந்து திருத்தித் தரச் சொல்லி வந்த மெயில் இது. மூன்று வாக்கியம், மூன்று பிழை, மூன்றுக்கும் காரணம் ஒன்றே. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எங்கிருந்து வரும் வேலை விண்ணப்பத்தைப் பிரித்தாலும் இதே ‘ரிக்வெஸ்ட் ஃபார்’ முதல் வரியிலேயே உட்கார்ந்திருக்கிறது. எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர் எழுதினாலும் விதிவிலக்கு இல்லை. சலித்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ரிக்வெஸ்ட் என்பது பெயராகவும் வரும், வினையாகவும் வரும். ஆர்டர், டிமாண்ட், விசிட், ஆன்ஸர், ஆக்ஸெஸ் எல்லாம் அப்படித்தான். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, பெயராக வரும்போது அதற்குப் பின்னால் ஒட்டும் ஃபார், டு, ஆஃப் எல்லாம் வினையாக வரும்போது ஒட்டாது என்பது.

நான் திருத்தினால் உடனே வரும் பதில்: “சார், ஒரே வேர்டுதானே? அங்க ஃபார் வருதுன்னா இங்கயும் வரும்ல?” இந்த ‘ஒரே வேர்டுதானே’ தான் எனக்குப் பெரிய தலைவலி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தமிழுக்கே வாருங்கள். ‘உதை’ பெயரா, வினையா? இரண்டும்தான். பள்ளியில் முதனிலைத் தொழிற்பெயர் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். பெயராக இருந்தால் “அவனுக்கு நாலு உதை” என்கிறோம். வினையாக இருந்தால் “அவனை உதைத்தான்” என்கிறோம். ஒரே சொல்தானே என்று “அவனுக்கு உதைத்தான்” என்று யாராவது சொல்கிறோமா? ஆட்டுக்குட்டி மேய்க்கும் பையன்கூடச் சொல்ல மாட்டான். பெயருக்கு ‘கு’, வினைக்கு ‘ஐ’ என்று நாக்கே பிரித்துக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் நடப்பது இதுதான்: அ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ், ஆனால் ஐ ரிக்வெஸ்ட் லீவ். முதலாவது ‘அவனுக்கு உதை’, இரண்டாவது ‘அவனை உதை’. ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று எழுதும்போதெல்லாம் ‘அவனுக்கு உதைத்தான்’ என்று எழுதுகிறீர்கள்.

பிறகு ஏன் எல்லோரும் தவறுகிறோம்? நாம் பேசும் தமிழில் இந்தச் சொற்கள் வினையாக நடப்பதே இல்லை. ‘லீவுக்கு ரிக்வெஸ்ட் பண்ணேன்’ என்கிறோம். வினை வேலை, காலம், ஆள் எல்லாவற்றையும் ‘பண்ணு’ சுமக்கிறது. ரிக்வெஸ்ட் அங்கே வெறும் பெயராகப் படுத்துக் கிடக்கிறது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘பண்ணு’ கழன்றுவிடுகிறது, ‘க்கு’ மட்டும் ஃபாராகி ஒட்டிக்கொள்கிறது. ‘கோயிலுக்கு விசிட் பண்ணோம்’ என்பது ‘விசிட்டட் டு மீனாட்சி டெம்பிள்’ ஆவதும் இப்படித்தான். சித்திரைத் திருவிழா சமயத்தில் போடும் பதிவுகளில் பாதி இந்த ‘விசிட்டட் டு’ தான். விசிட் செய்தது கோயிலை, எனவே ‘விசிட்டட் த டெம்பிள்’. பெயராக்கினால் மட்டும் ‘அ விசிட் டு த டெம்பிள்’. ‘அதைப் பத்தி டிஸ்கஸ் பண்ணோம்’ என்பதில் உள்ள ‘பத்தி’யும் அபௌட் என்று கூடவே வந்துவிடுகிறது. டிஸ்கஸுக்குப் பெயர் வடிவம் டிஸ்கஷன். அபௌட் அதோடு வரலாம், டிஸ்கஸோடு வராது. வங்கித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் அடிக்கடி தலைகாட்டும் ஆசாமி இது.

‘பண்ணு’ கழன்று விழாமல் ‘டூ’ என்று ஆங்கிலத்துக்குள் நுழைவதும் உண்டு. ‘டூ அ ரிக்வெஸ்ட்’, ‘டூ ஆர்டர்’ என்று எழுதாதீர்கள். பெயராக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மேக் அ ரிக்வெஸ்ட், ப்ளேஸ் அன் ஆர்டர், பே அ விசிட்.

“ஃபார் இல்லாட்டி மொட்டையா இருக்கே சார், மரியாதையா இல்லையே” என்பார்கள் சிலர். மரியாதை ஃபாரில் இல்லை. ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ டூ டேய்ஸ் லீவ்’ என்று எழுதுங்கள், பணிவும் இருக்கும், பிழையும் இருக்காது.

பிழை வெறும் அழகுக் குறை என்றால் நானும் விட்டுவிடுவேன். ஆர்டர் என்ற வினைக்குப் பின் ஃபார் போட்டால் அர்த்தமே மாறுகிறது. ‘வீ ஆர்டர்டு 50 பாக்ஸஸ் ஃபார் த சாரீஸ்’ என்றால் சேலைகளுக்காகப் பெட்டிகள் வாங்கினோம் என்று பொருள். அதாவது வினைக்குப் பின் வரும் ஃபார் ‘யாருக்காக, எதற்காக’ என்பதைச் சொல்லும். ‘ஆர்டர்டு ஃபார் த பாக்ஸஸ்’ என்று படித்த வெளிநாட்டுக்காரர், பெட்டிக்காக வேறு என்னத்தை ஆர்டர் செய்தார்கள் என்று திரும்பிக் கேட்பார். ஸெர்ச் இன்னும் மோசம். ‘போலீஸ் ஸெர்ச்டு ஹிம்’ என்றால் அவரைச் சோதனை போட்டார்கள். ‘ஸெர்ச்டு ஃபார் ஹிம்’ என்றால் ஆளைக் காணாமல் தேடினார்கள். ‘ஆன்ஸர் த மேனேஜர்’ என்றால் மேலாளருக்குப் பதில் சொல், ‘ஆன்ஸர் டு த மேனேஜர்’ என்றால் அவருக்குக் கீழே வேலை பார்த்துக் கணக்கு ஒப்புவி.

எல்லாச் சொல்லும் இந்தக் கட்டுக்குள் அடங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரிப்ளை பெயரானாலும் வினையானாலும் டு கேட்கும். ‘ரிப்ளை மீ’ என்று எழுதுவது எதிர்ப்பக்கத்துப் பிழை, ‘ரிப்ளை டு மீ’ என்பதே சரி. வோட் ஃபார், ஹோப் ஃபார், கமென்ட் ஆன் ஆகியவையும் இரண்டு இடத்திலும் அப்படியே நிற்கும். இல்லாமையைக் குறிக்கும் லேக் (ஏரி அல்ல) மாறும்: அ லேக் ஆஃப் வாட்டர், ஆனால் த வில்லேஜ் லேக்ஸ் வாட்டர்.

சோதிப்பது சுலபம். சொல்லுக்கு முன்னால் அ, த, மை, யுவர், திஸ் இருந்தால் அது பெயர். டு, வில், கேன், ஐ, வீ இருந்தாலோ, பின்னால் ஈடி ஒட்டியிருந்தாலோ பெரும்பாலும் வினை. பெயர் என்றால் ஃபாரைத் தேடுங்கள், வினை என்றால் ஃபாரைத் தூக்குங்கள். அவ்வளவுதான்.

இனி அந்த ‘ப்ளீஸ் அட்வைஸ்’. பெயருக்குக் கடைசியில் சி, வினைக்கு எஸ். தமிழில் கெடு என்பது கேடு ஆவதுபோல, இங்கே பெயரும் வினையும் எழுத்தில் பிரிகின்றன. ‘ப்ளீஸ்’ என்று கேட்டாலே பின்னால் வினைதான், ஆகவே எஸ். போனில் உள்ள பிழைதிருத்தி இதில் பெரும்பாலும் கை கொடுக்காது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் சிவப்புக் கோடு விழாது. பெயரான அட்வைஸுக்குப் பன்மையும் கிடையாது. வங்கிகள் அனுப்பும் பேமென்ட் அட்வைஸ் மட்டும் விலக்கு, அது ஒரு காகிதம், எண்ணலாம்.

ப்ராக்டிஸும் லைசென்ஸும் பிரிட்டிஷ் எழுத்தில் இதே கணக்குதான், பெயருக்கு சி, வினைக்கு எஸ். அமெரிக்காவில் ப்ராக்டிஸுக்கு இரண்டு இடத்திலும் சி, லைசென்ஸுக்கு இரண்டு இடத்திலும் எஸ். நம் மோட்டார் வாகனச் சட்டம், 1988 பிரிட்டிஷ் வழியில் சி போட்டுத்தான் டிரைவிங் லைசென்ஸை எழுதுகிறது. டிரைவிங் ஸ்கூல் போர்டு எழுதுபவர்கள் கவனிக்க.

பேச்சில் வேறொரு கண்ணி. ஆட்டோ பெர்மிட் என்னும்போது அழுத்தம் ‘பெர்’ரில். அனுமதி கொடு என்று வினையாக்கினால் அழுத்தம் ‘மிட்’டுக்குப் போகிறது. எக்ஸ்போர்ட், ரெக்கார்ட், கான்ட்ராக்ட் அப்படியே. ஆனால் ரிக்வெஸ்ட், ரிப்போர்ட், சப்போர்ட், கண்ட்ரோல் எல்லாம் எப்போதும் இரண்டாம் அசையில்தான். விதியைக் கண்மூடிப் பொருத்தி ‘ரீ’க்வெஸ்ட் என்று இழுக்காதீர்கள். யூஸ், எக்ஸ்கியூஸ் இரண்டுக்கும் வினையில் கடைசி ஒலி வண்டு ரீங்கரிப்பதுபோல அதிர வேண்டும். தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் காதால்தான் பழக வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘மெசேஜ் மீ’, ‘ஐ வில் மெயில் யூ’ என்று எழுதிய மாணவனுக்கு, பெயரை வினையாக்கிவிட்டான் என்று சுழிப்பதை நிறுத்துங்கள். இதே கோபம் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் இருந்தது. 1789-இல் அமெரிக்க அகராதியாசிரியர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், நோட்டீஸ், அட்வகேட், ப்ராக்ரஸ் ஆகியவற்றை வினையாக்குகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். இன்று மூன்றும் சாதாரண ஆங்கிலம். சுழிக்க வேண்டிய இடம் ‘மெசேஜ் டு மீ’.

கடைக்காரர்களே, அலுவலகத்தில் இருப்பவர்களே, தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். மெயிலை அனுப்பும் முன் ரிக்வெஸ்ட், ஆர்டர், அட்வைஸ் மூன்றையும் அதற்குள் தேடி, ஒவ்வொன்றின் முன் சொல்லையும் பின் சொல்லையும் பாருங்கள். அரை நிமிட வேலை. பழைய மெயிலை நகல் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுகிறவர்கள் பழைய பிழையையும் சேர்த்தே அனுப்புகிறீர்கள். அந்த மாதிரிக் கடிதத்தை முதலில் திருத்தி வையுங்கள்.

படிக்கிற பிள்ளைகள் நோட்டில் ‘ரிக்வெஸ்ட் – வேண்டுகோள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘அ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’, பக்கத்திலேயே ‘டு ரிக்வெஸ்ட் லீவ்’ என்று ஒரே வரியில் ஜோடியாக எழுதுங்கள். கற்போருக்கான ஆங்கில அகராதிகளில் பெயருக்கும் வினைக்கும் தனித்தனியாக உதாரணம் இருக்கும். இரண்டையும் பார்த்து எழுதுங்கள்.