வீடு மாறினோம், ஓட்டு மாறவில்லை

2022 பிப்ரவரி 19. வேலூர் மாநகராட்சித் தேர்தல் அன்று சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு வாக்குச்சாவடி தலைமை அலுவலர் பணி. காலை எட்டு மணி இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, வாக்காளர் அட்டையைப் பாலித்தீன் கவரில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பட்டியலை இரண்டு முறை புரட்டியும் அவர் பெயர் இல்லை. அட்டையில் கொசப்பேட்டை முகவரி.

"இன்னா சார், இங்கதான் நாலு வருஷமா குடியிருக்கேன். எதிர்ல இருக்கிற கால்வாய் பத்தி இங்க எலெக்ஷன்ல நிக்கிறவங்க கிட்டதான பேசினேன்" என்றார்.

"உங்க பேர் கொசப்பேட்டை லிஸ்ட்லதான்மா இருக்கும். அங்க போய்த்தான் போடணும்" என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு லாட்ஜில் சமையல் வேலை, ஒன்பது மணிக்குப் போயாக வேண்டும். கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். கொசப்பேட்டைக்குப் போனாரா, வேலைக்குப் போனாரா, எனக்குத் தெரியாது. அவரே கொசப்பேட்டைக்குப் போய் ஓட்டுப் போட்டிருந்தாலும், அது அவர் வாசல் கால்வாய்க்குப் பொறுப்பான கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு இல்லை.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். பல வருடங்களாக வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும், அதாவது நீங்கள் பி.எல்.ஓ. என்று சொல்லும் ஆளாகவும் தெருத் தெருவாக நடக்கிறேன். நம் ஊரில் வாடகைக் குடும்பங்கள் அதிகம். ஆஸ்பத்திரி வேலை, கல்லூரி வேலை, பிள்ளைகள் படிப்பு என்று தோட்டப்பாளையத்திலிருந்து காந்தி நகர், அங்கிருந்து சத்துவாச்சாரி பேஸ்-2 என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். கேஸ் இணைப்பை மாற்றுவார்கள், பால் கார்டை மாற்றுவார்கள். ஓட்டை மட்டும் மறந்துவிடுவார்கள்.

எம்.பி. தேர்தலில் இந்த மறதி பெரிதாகத் தெரியாது. கொசப்பேட்டையில் போட்டாலும் சத்துவாச்சாரியில் போட்டாலும் வேலூர்த் தொகுதிதான். மாநகராட்சியில் அப்படி இல்லை. மொத்தம் 60 வார்டு. தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் வேறு வார்டு என்றுகூட இருக்கும். சட்டமன்ற வாக்காளர் பட்டியலை எடுத்து, வார்டு வாரியாகப் பிரித்துத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சித் தேர்தலை நடத்துகிறது. இது டெல்லியில் இருக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம் இல்லை, தனி அமைப்பு. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒரே பட்டியல்தான். அதில் உங்கள் முகவரி எதுவோ, அதுதான் உங்கள் வார்டு. பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பத்தில் கணவன் ஒரு வார்டு, மனைவி ஒரு வார்டு என்று பிரிந்துபோன குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் முன்கூட்டியே பார்த்தால் சரிசெய்யக்கூடியதுதான்.

அதே நாளில் ஒரு பெரியவர் ஓட்டுப் போட்டுவிட்டு நகராமல் நின்றார். "மேயருக்கு இன்னொரு மிஷின் எங்க தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. 2011இல் மேயருக்கும் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2022இல் கவுன்சிலருக்கு மட்டும்தான் ஓட்டு. கவுன்சிலர்கள் கூடி மார்ச் 4ஆம் தேதி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரகத்தில் வேறு மாதிரி. அணைக்கட்டு ஒன்றியத்துக் கிராமத்தில் இருப்பவர் 2021 அக்டோபரில் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு வாக்குச்சீட்டில் முத்திரை குத்தினார். நகரத்தில் நமக்கு ஒரே ஒரு பட்டன். தெருவிளக்கு, குடிநீர், குப்பை, மேயர் நாற்காலி எல்லாம் அந்த ஒரு பட்டனில்தான் இருக்கிறது.

அந்த ஒன்றின் எடையைச் சொல்ல ஓர் உதாரணம் போதும். அந்தத் தேர்தலில் நம் மாநகராட்சியின் 37ஆவது வார்டில் திருநங்கை கங்கா வெற்றி பெற்றார். நாடே பேசிய அந்த வெற்றியின் வித்தியாசம் 15 ஓட்டு. ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கும் பெரியவர்களை எண்ணினால் அதைவிட அதிகம் வரும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஊருக்குள் வீடு மாறினாலும், வேறு ஊரிலிருந்து வந்தாலும் படிவம் 8. இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். புதிதாகச் சேருபவருக்கான படிவம் 6ஐ மறுபடி போட்டு, இரண்டு இடத்தில் பெயர் வந்துவிடும். வேறு எங்கும் பெயர் இல்லை என்று தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் அது குற்றம். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் நாங்கள் கணக்கெடுப்புப் படிவத்தோடு போனபோது பூட்டிய வீடுகள் எத்தனையோ. அப்படிப் படிவம் திரும்பி வராமல் பட்டியலிலிருந்து பெயரே நீங்கிப்போனவர்கள் மட்டும் மறுபடி படிவம் 6 கொடுக்க வேண்டும். 17 வயது முடிந்த பிள்ளைகளும் முன்கூட்டியே கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 நிறைகிறதோ, அதை ஒட்டிப் பெயர் ஏறும்.

வாடகைக்காரர்கள் என்னிடம் கொண்டு வருவது பெரும்பாலும் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய ஒப்பந்தம். பதிவு செய்யாத ஒப்பந்தம் படிவம் 8இன் ஆவணப் பட்டியலில் இல்லை. ஆதார், வங்கிப் பாஸ்புக், கேஸ் பில் இவற்றில் ஏதாவது ஒன்றில் புதிய முகவரி இருந்தால் வேலை சுலபம். அதனால் வீடு மாறிய கையோடு முதலில் பாஸ்புக்கில் முகவரியை மாற்றுங்கள், அப்புறம் படிவம் 8. ஆன்லைனில் போடலாம், உங்கள் பி.எல்.ஓ.விடம் கையிலும் கொடுக்கலாம். யார் உங்கள் பி.எல்.ஓ. என்று தெரியாவிட்டால் 1950க்குப் போன் செய்யுங்கள். நாங்கள் நேரில் பார்க்க வரும்போது வீட்டில் ஒருவராவது இருங்கள்.

தேர்தல் தேதி அறிவித்த பிறகுதான் எங்களைத் தேடி ஓடி வருகிறார்கள். வேட்புமனு முடிந்த பிறகு கொடுக்கும் படிவத்தை வைத்து அந்தத் தேர்தலுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்து, ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலரின் கீழ் இருந்த ஊர் இது. அப்போது தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் தவித்தோம். இப்போதைய மன்றம் பதவியேற்றது 2022 மார்ச் 2. ஐந்து வருடக் கணக்கில் 2027 மார்ச்சில் முடிகிறது. அந்த அம்மாவைப் போல வீடு மாறி, அட்டையை மாற்றாமல் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் மாடியிலேயே குடியிருக்கலாம். இன்று சாயங்காலம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.