பொட்டு அட்டையும் மூன்று வயது விரல்களும்

மூன்று வயதுக் குழந்தையிடம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொடுத்துப் பாருங்கள். ஓரத்தை நகத்தால் சுரண்டும், வராது. அட்டையைத் திருப்பி மறுபடி சுரண்டும். "கொடு கண்ணு, நான் எடுத்துத் தரேன்" என்று நம் கை நீளும். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். ஒட்டுவதைவிட உரிப்பதில்தான் விரலுக்கு வேலை அதிகம்.

விரலுக்குள் அதை மடக்கி நீட்டும் தசை எதுவும் கிடையாது. பலமான தசைகள் முன்கையில் இருக்கின்றன. மணிக்கட்டைத் தாண்டி வரும் தசைநாண்கள் பொம்மலாட்டக் கயிறு மாதிரி விரலை இழுக்கின்றன. நுணுக்கத்துக்கு உள்ளங்கையின் சிறு தசைகள். கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடுதான் அதை ஆள்காட்டி விரலின் நுனிக்கு நேராகக் கொண்டுவருகிறது. பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்குள் சோற்றுப் பருக்கையை இப்படி இரு விரலால் எடுத்துவிடும். ஆனால் எவ்வளவு அழுத்த வேண்டும் என்ற அளவு பிடிபட ஆண்டுகள் ஆகும்.

பொட்டு அந்த அளவைக் கேட்கிறது. மொத்தமாக இழுத்தால் பசை முழுப்பரப்பிலும் பிடித்துக்கொள்ளும். ஓரத்தைத் தூக்கினால் விசை ஒரு மெல்லிய கோட்டில் குவிந்து, பசை கொஞ்சம் கொஞ்சமாக விடும். பிடி இறுகினால் பொட்டு கசங்கும், தளர்ந்தால் நழுவும். நழுவுவதை விரல்நுனி நரம்புகள் உடனே சொல்லிவிடும். வளர்ந்தவர்களின் பிடி பத்தில் ஒரு நொடிக்குள் தானாகவே இறுகிவிடுகிறது. குழந்தை அதைப் பழகிக்கொண்டிருக்கிறது. அப்புறம், ஒரு கை உரிக்க, இன்னொரு கை அட்டையை அசையாமல் பிடிக்க வேண்டும். சட்டைப் பொத்தான் போடவும் இதே கூட்டுவேலைதான்.

ரொம்பத் திணறினால் அட்டையைப் பின்பக்கமாக லேசாக வளைத்துக் கொடுங்கள், ஓரம் எழும்பும். பெரிய பொட்டில் தொடங்கி, காகிதத்தில் போட்ட கோட்டின் மேல் ஒட்டச் சொல்லலாம். பிறகு புள்ளிக் கோலத்துக்கு வைப்பதுபோல் வரிசையாகப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் வயது என்பதால் கூடவே உட்கார்ந்திருங்கள்.

காகிதத்தைச் சுவரில் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. உங்கள் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி, கையை இறுக மூடிப் பாருங்கள். பிடியில் பலமே இருக்காது. மடக்கும் தசை ஏற்கெனவே சுருங்கிவிட்டதால் இழுக்க மிச்சமில்லை. மணிக்கட்டு சற்றுப் பின்னால் சாய்ந்தால் பிடி வலுக்கும். சுவரில் ஒட்டும்போது கை தானாகவே அப்படிச் சாய்கிறது. பென்சில் பிடிக்கவும் அந்தச் சாய்வுதான் வேண்டும்.

மணிக்கட்டில் எட்டு எலும்புகள். பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்புதான். மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு மூன்றுதான் எலும்பாகத் தெரியும். இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் அந்தக் கையைப் பிடித்து, கோடு போட்ட நோட்டில் பக்கம் பக்கமாக 'அ' எழுத வைப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

பொட்டு அட்டை எளிதாகிவிட்டதா? சரி, பீரோ கண்ணாடிக்குக் கூட்டிப் போங்கள். அம்மா கழற்றி ஒட்டிவைத்த பழைய பொட்டுகள் அங்கே இருக்கும். அட்டையில் பசை பிடிக்காமல் இருக்க வழவழப்பான பூச்சு உண்டு. கண்ணாடியில் அது இல்லை. நகம் மறுபடி ஓரம் தேட ஆரம்பிக்கும்.