திமிங்கிலத்தை மூழ்கடித்த வேர்

அலாஸ்காவின் கோடியாக் தீவைச் சேர்ந்த அலூட்டிக் மக்கள், தோல் போர்த்திய கயாக் படகில் போய்த் திமிங்கிலம் வேட்டையாடினார்கள். ஈட்டியில் இழுகயிறோ மிதவையோ கட்டவில்லை. ஸ்லேட் கல்லைத் தேய்த்துக் கூராக்கிய நீண்ட முனையும் அதில் பூசிய வேர் நஞ்சுமே ஆயுதம்.

ஊதாப் பூ பூக்கும் அகோனைட்டம் செடியின் வேர் அது. சித்த மருத்துவத்தின் வச்சநாவியும் இதே பேரினம்தான். 1790இல் கோடியாக் வந்த, ரஷ்ய அரசு அனுப்பிய பில்லிங்ஸ் பயணக் குழுவின் செயலர் மார்ட்டின் சௌர் செய்முறையைக் குறித்திருக்கிறார்: தனித்து வளர்ந்த செடியின் வேரை உலர்த்தி, இடித்து, நீர் விட்டு, புளிக்கும்வரை வெதுவெதுப்பான இடத்தில் வைப்பார்கள். இதில் கொதிக்கவைக்கும் கட்டமே இல்லை. நெடுநேரம் கொதித்தால் வேரிலுள்ள நஞ்சான அகோனிட்டின் சிதைந்து வீரியம் வெகுவாகக் குறைந்துவிடும். வச்சநாவியை மருந்தாக்கும் முன் வேகவைத்துச் சுத்தி செய்வதும் இதனால்தான் பலன் தருகிறது.

நரம்பு, தசைச் செல்களின் சவ்வில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்கள் உண்டு. அவை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி திறந்து உடனே மூட வேண்டும். அகோனிட்டின் அவற்றை மூடவிடாது. முதலில் தசை கட்டுக்கடங்காமல் துடிக்கும், பிறகு செயலிழக்கும்.

பல டன் எடையுள்ள உடல் முழுவதையும் வீழ்த்த ஒரு முனையில் பூசிய நஞ்சு போதாது. ஆகவே எங்கே எறிவது என்பதுதான் வித்தையே. பக்கத் துடுப்பின் அருகே பாய்ந்தால் அந்தத் துடுப்பு மரத்துப்போகும். உடலைச் சமன்செய்து மேலே வந்து மூச்சுவிட முடியாமல் திமிங்கிலம் மூழ்கிவிடும். ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது. ஸ்லேட் எளிதில் உடையும் என்பதும் இங்கே அனுகூலம்: முனை ஒடிந்து உள்ளேயே தங்கி, நஞ்சு கரைய நேரம் கிடைக்கும். பெரிய திமிங்கிலங்களைவிட இளசுகளையே குறிவைத்தார்கள்.

அடித்த கையோடு கரை திரும்பி, உடல் மிதந்து ஒதுங்கக் காத்திருப்பார்கள். இரண்டு மூன்று நாளாகலாம். காற்றும் நீரோட்டமும் எதிராகப் போனால் உழைப்பெல்லாம் வீண். அப்படிக் கைநழுவியவை ஏராளம். ஒதுங்கியது யாருடையது என்பதை, உள்ளே சிக்கிய முனையில் செதுக்கிய குறி சொல்லும்.

இதே சோடியம் வாயிலுக்கு நேரெதிர் நஞ்சு அதே கரையின் மட்டிகளில் இருக்கிறது. நுண்பாசிகளிலிருந்து மட்டிக்குள் சேரும் சாக்ஸிடாக்சின், வாயிலைத் திறக்கவே விடாமல் அடைத்துவிடும். அகோனிட்டினைப் போல இது கொதியில் அடங்காது, உறைய வைத்தாலும் போகாது. 1799இல் அலாஸ்காவின் பெரில் நீரிணையில் மட்டி தின்ற வேட்டையாளர்களில் சுமார் நூறு பேர் இறந்தார்கள். வெண்ணெய் மட்டி (butter clam) என்ற வகையில் இந்த நஞ்சு இரண்டு ஆண்டுவரைகூடத் தங்கும். அதிகம் சேருமிடம் அதன் நீர்க்குழல். அதை நறுக்கி எறிந்தாலும் மீதிச் சதை பாதுகாப்பானது என்று நம்ப முடியாது. ஆய்வகச் சோதனை ஒன்றுதான் வழி.