அக்வாபோனிக்ஸ்: பெயரில் விடுபட்ட மீன்

மீன் வளரும் தொட்டியின் நீரைச் செடிகளின் வேருக்குப் பாய்ச்சி, அங்கே தெளிந்த அதே நீரை மறுபடியும் தொட்டிக்கே திருப்பிவிடும் முறைக்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயர். வீட்டுக்குப் பின்புறம் ஒரு பீப்பாயும் ஒரு சிறு மோட்டாரும் வைத்து இதைத் தொடங்க விரும்புவோர் முதலில் தடுமாறுவது கருவிகளில் இல்லை, பெயரில்தான். கடைக்காரர் ஒன்றைச் சொல்கிறார், தோட்டக்கலை நூல்கள் வேறொன்றைச் சொல்கின்றன, மாடித்தோட்ட நண்பர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார்கள். அதனால் மண்ணில்லாமல், சத்து உப்புகள் கரைந்த நீரில் கீரை வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸையும் இதையும் ஒன்றென்றே பலர் எண்ணிவிடுகிறார்கள்.

அப்படி எண்ணுபவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் குழப்பம் மூலச்சொல்லிலேயே இருக்கிறது. அக்வா என்பது இலத்தீனில் நீர். போனோஸ் என்பது கிரேக்கத்தில் உழைப்பு, பாடு. ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் சொல்லின் முற்பாதியான ஹைட்ரோவும் கிரேக்கத்தில் நீரைத்தான் குறிக்கிறது. ஆகவே பிரித்துப் பார்த்தால் இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே: நீரில் படும் உழைப்பு. இரண்டு முறைகளையும் வேறுபடுத்திக் காட்டுவது மீன்; அந்த மீன் எந்தச் சொல்லிலும் இல்லை.

இந்த நிலை வந்ததற்கு ஒரு கதை உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபிரடெரிக் கெரிக், சத்துக்கரைசலில் பயிர் வளர்க்கும் தம் முறையை 1929-இல் எழுதியபோது அதற்கு 'அக்வாகல்ச்சர்' என்றுதான் பெயரிட்டார். அந்தப் பெயர் நீர்வாழ் உயிரினங்களை வளர்க்கும் தொழிலுக்கு ஏற்கெனவே வழங்கிவருவது பின்னர் தெரியவந்தது. அதே வளாகத்தின் தாவரவியலாளர் செட்செல் எடுத்துக்கொடுத்த 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற சொல்லை 1937-இல் கெரிக் அச்சேற்றினார். அதற்கு முன்மாதிரியாக இருந்தது 'ஜியோபோனிக்ஸ்', அதாவது நிலத்தில் படும் உழைப்பு. பத்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் தொகுக்கப்பட்ட வேளாண் நூலுக்கு ஜியோபோனிகா என்றே பெயர். பிற்காலத்தில் மீன்வளர்ப்பையும் மண்ணில்லாச் சாகுபடியையும் ஒரே குழாயில் இணைத்தபோது, அக்வாகல்ச்சரின் தலையையும் ஹைட்ரோபோனிக்ஸின் வாலையும் ஒட்டிப் புதுச்சொல் செய்தார்கள். ஒட்டியவர்கள் அக்வாகல்ச்சர் என்ற முழுச்சொல்லை நினைத்து அதில் மீன் இருப்பதாகக் கொண்டார்கள். ஆனால் ஒட்டியபின் எஞ்சியது வெறும் நீர்.

முறை சொல்லைக் காட்டிலும் மூத்தது. தென்சீனத்தின் நெல்வயல்களில் நாற்றுக்கிடையே மீன்விடும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. தொட்டியும் பம்பும் கொண்ட இன்றைய வடிவம் 1970-களிலும் 1980-களிலும் அமெரிக்காவில் உருப்பெற்றது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மக்மர்ட்ரி மணற்படுகையில் மீன்நீரைப் பாய்ச்சிப் பார்த்தார். வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராகோசி மிதவைப் பலகைகளில் கீரை வளர்த்தார். இன்று கொல்லைப்புறத்தில் நாம் அமைப்பது, பெரும்பாலும் முதலாமவரின் வழியில் வந்த, கல் நிரப்பிச் செடி நடும் கல்படுகை.

இனித் தமிழுக்கு வருவோம். போனோஸ் என்பதற்கு நிகரான சொல் நம்மிடம் வியப்பளிக்கும் அளவு நெருக்கமாக இருக்கிறது. உழத்தல் என்றால் வருந்தி முயலுதல். 'உழந்தும் உழவே தலை' என்ற குறளடி (1031) பாடுபடுதலையும் பயிர்த்தொழிலையும் ஒரே மூச்சில் பக்கத்தில் வைக்கிறது. கிரேக்கர் உழைப்பு என்ற சொல்லாலேயே வேளாண்மையைச் சுட்டியதற்கு ஒப்பானது இது. அதனால் 'நீருழவு' என்று சொல்லிவிட்டால் மொழிபெயர்ப்பு எழுத்துக்கு எழுத்து சரியாக அமையும். ஆயினும் சரியான மொழிபெயர்ப்பு மூலத்தின் குறையையும் சேர்த்தே கொண்டுவந்துவிடுகிறது: நீருழவிலும் மீன் இல்லை. கலப்பை தொடாத தொழிலுக்கு உழவு என்று பெயரிட்டால் உழவர் சிரிக்கவும் கூடும்.

வழக்கில் உள்ள பிற சொற்களுக்கும் இடர்ப்பாடு உண்டு. 'நீரியல் வேளாண்மை' என்பதில் நீரியல், நீரைப் பற்றிய அறிவியல் துறைக்கு ஏற்கெனவே உரிமையான சொல். 'மண்ணில்லா வேளாண்மை' இல்லாததைச் சொல்கிறதே தவிர இருப்பதைச் சொல்லவில்லை. அதன்கீழ் உப்புக்கரைசல் முறையும் வரும், தென்னைநார்க் கழிவில் வளர்ப்பதும் வரும். 'ஒருங்கிணைந்த பண்ணையம்' நல்ல சொல், ஆனால் ஆடு, மாடு, வாத்து, குளம், வயல் எல்லாம் அடங்கிய பெரிய குடும்பத்தின் பெயர் அது. 'நீர்வளர்ப்பு' என்று எழுதுவோரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதே நாகரிகம். மழை பெய்தால் வளரும் நீரைத் தனியே வளர்ப்பானேன்?

என் பரிந்துரை 'மீன்நீர் வேளாண்மை'. மீன் வாழ்ந்த நீரால் நடக்கும் வேளாண்மை என்று விரியும் இத்தொடர், செயல் நடக்கும் வரிசையையே சொல்லிவிடுகிறது. இலக்கணப்படி புணர்த்தினால், தேனும் நிலவும் சேர்ந்து தேனிலவு ஆனதைப் போல, இது 'மீனீர்' என்றாகும். படிப்பவருக்கு மீனும் தெரியாது, நீரும் தெரியாது. எனவே பொருள்தெளிவுக்காகப் புணர்ச்சியை விட்டுப் பிரித்தெழுதுவதே தகும். இயற்கை வேளாண்மையில் மீன்கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தெளிக்கும் ஊக்கி. இது உயிருள்ள மீன் நீந்தும் நீர்.

மீன்நீர் என்ற சொல்லுக்குள் உண்மையில் நடப்பது என்ன? மீன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அம்மோனியாவை வெளிவிடுகிறது. அது சேர்ந்தால் மீனுக்கே நஞ்சு. கற்களின் மேல் படியும் நைட்ரோசோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்குகின்றன, அதுவும் நஞ்சுதான். நைட்ரோஸ்பைரா போன்ற வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றியபிறகே செடிக்கு அது நல்ல உணவாகிறது. இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆங்கிலத்தில் இக்காலத்தைச் சுழற்சி என்ற பொருள்படச் சொல்கிறார்கள்; நம் வழக்கில் 'தண்ணீர் பக்குவப்படுதல்' என்பதே பொருந்தும். தொடங்குவோர் மீனை இழப்பது பெரும்பாலும் இந்தப் பக்குவத்துக்குக் காத்திராமல் முதல் வாரத்திலேயே தொட்டியை நிறைப்பதால்தான். குழாய்நீரில் குளோரின் இருந்தால் நுண்ணுயிர்களும் மடியும், மீனும் மடியும். ஆகவே ஓரிரு நாள் திறந்து வைத்தபின் பயன்படுத்துவது நல்லது.

படுகைக்குக் கல் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லியில் ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவி, அதன்மேல் சில சொட்டுக் காடியை, அதாவது கடையில் விற்கும் வினிகரை, விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது. நீரின் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகும், செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாகி வெளிறும். பேசாமல் கிடந்தால் அது கருங்கல் ஜல்லி, தயங்காமல் பயன்படுத்தலாம். படுகையின் ஆழம் 30 செ.மீ. இருக்கட்டும். நீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஎச் அளவு மீனுக்கும் செடிக்கும் நுண்ணுயிருக்கும் ஒருசேர ஏற்றதாக இருப்பது ஏறத்தாழ 6.8 முதல் 7 வரை.

அளவைப் பொறுத்தவரை, 1,000 லிட்டருக்கு 10 கிலோ மீன் என்பது தொடங்குவோருக்குப் பாதுகாப்பான கணக்கு. 200 லிட்டர் பீப்பாய்க்கு அது 2 கிலோ. அந்த மீனுக்கு நாளொன்றுக்கு எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு தீவனம் என்று வைத்தால் 20 முதல் 40 கிராம். ஒரு சதுர மீட்டர் கீரைப் படுகைக்கு 40 முதல் 50 கிராம் தீவனத்தின் சத்து தேவைப்படுவதால், ஒரு பீப்பாயைக் கொண்டு அரை சதுர மீட்டர் முதல் முக்கால் சதுர மீட்டர் வரை கீரை போடலாம். இதற்கு மேல் ஆசைப்பட்டு மீனைக் கூட்டினால் மின்சாரம் நின்ற ஒரே இரவில் நீரில் உயிர்வளி தீர்ந்துவிடும்.

உறுப்புகளின் பெயர்களில் மீன்தொட்டி, செடிப்படுகை என்பவை விளக்கமின்றியே விளங்கும். சிக்கல் 'பெல் சைஃபனில்'தான். படுகையில் நீர் குறித்த உயரத்தைத் தொட்டதும், நடுக்குழாயின் மேல் கவிழ்த்த மூடிக்குள் மடக்கு மடக்காக உறிஞ்சும் ஓசை எழும். உடனே நீர் முழுவதும் தானாக வடிந்து, அடியில் காற்று புகுந்ததும் நின்றுவிடும். அடுத்த நிரப்புக்குப் படுகை ஆயத்தம். ஏரியின் அடியில் அமைந்த நீர்வழியைத் தூம்பு என்று தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கின்றன; கவிழ்ந்த மணிபோன்ற மூடியின் வடிவத்தைச் சேர்த்து இதனை 'மணித்தூம்பு' எனலாம் என்று தோன்றுகிறது. இம்முறையைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் முதன்முறை 'மீன்நீர் வேளாண்மை எனப்படும் அக்வாபோனிக்ஸ்' என்று எழுதிவிட்டு, அடுத்த முறையிலிருந்து தமிழ்ப்பெயரை மட்டும் ஆளலாம். குழாய்க் கடையில் மட்டும் மணித்தூம்பு என்று கேட்காமல், பெல் சைஃபனுக்கு வேண்டிய ஒன்றரை அங்குலக் குழாயும் நான்கு அங்குல மூடியும் என்றே கேட்டு வாங்குங்கள்.