விருந்துக்கு முன்னால் ஒரு மாத்திரை கூடுதலாகப் போடாதீர்கள்

விருந்துச் சாப்பாட்டுக்குப் போகும் முன் சுகர் மாத்திரையைக் கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்ளும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஓ.பி.யில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. முன்பெல்லாம் கல்யாண வீடு, கிடாவெட்டு என்று வருஷத்தில் சில நாள்தான் இந்த வேலையைச் செய்வார்கள். இப்போது சனி, ஞாயிறு வந்தாலே செய்கிறார்கள்.

மதுரையில் சொந்த வீடு இருக்கும். பிள்ளைகளை அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டு, புருஷனும் பொண்டாட்டியும் டவுனுக்குள் ஒரு ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கி, இரண்டு நாள் ஊரைச் சுற்றிச் சாப்பிடுவார்கள். காலையில் பருத்திப்பால், மத்தியானம் மெஸ்ஸில் அயிரை மீன் குழம்பும் மட்டன் சுக்காவும், சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, ராத்திரி கறி தோசை, அப்புறம் பன் பரோட்டா சால்னா. நான் இதற்கு எதிரி இல்லை. வருஷம் முழுக்கக் கடனும் வேலையும் பிள்ளைகளின் பரீட்சையுமாக ஓடுகிறவர்கள் இரண்டு நாள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்குச் சந்தோஷம்தான். சுகர் இருப்பவர்கள் கறி தோசையைத் தொடவே கூடாது என்றும் நான் சொல்வதில்லை.

சமீபத்தில் வந்த ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், கல்யாண நாளுக்காக மனைவியோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். மத்தியானம் பெரிய சாப்பாடு என்று காலை டிபனை விட்டுவிட்டார். ஆனால் காலை மாத்திரையை விடவில்லை. பன்னிரண்டு மணிக்கு அறையை விட்டுக் கிளம்பும்போது, 'இன்னைக்கு ஒரு கட்டு கட்டப்போறோம்' என்று அதே மாத்திரையில் இன்னொன்றையும் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் கூட்டம். இலை கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசலில், வெயிலில் நின்றிருக்கிறார்கள். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மதுரை வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது? 'இந்தக் கடையை எவன் சொன்னான்' என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். பசி, கோபப்படுகிறார் என்று அந்த அம்மாவும் பேசாமல் இருந்துவிட்டார். கடைசியில் இலை போட்டுச் சோறும் வைத்தாயிற்று. அவரோ குழம்பு ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர, ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை. 'என்னங்க, சாப்பிடுங்க' என்றால் பதில் இல்லை. கண் எங்கேயோ இருக்கிறது. பக்கத்து இலைக்காரர், குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தாராம். எங்களிடம் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தபோது சுகர் 38.

70-க்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் மூளைக்குப் போதுமான சர்க்கரை கிடைக்காமல் பேச்சும் புத்தியும் தடுமாற ஆரம்பிக்கும்.

குளுக்கோஸ் ஏற்றியதும் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். அனுப்பவில்லை. ராத்திரி மறுபடியும் சுகர் இறங்கியது. அவர் போட்டது மாதிரியான கிளிமிபிரைடு வகை மாத்திரைகளின் வேகம் ஒரு நாள் வரைக்கும் நீடிக்கும், கிட்னி பலவீனமாக இருந்தால் இன்னும் அதிக நேரம் இருக்கும். 'அதான் தெளிஞ்சிட்டாரே' என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மறுநாள் அவருடைய மனைவி கேட்டார்: "இத்தனை சாப்பாட்டுக்கு ஒரு மாத்திரை பத்தாதுன்னுதானே டாக்டர், இவரு இன்னொண்ணு போட்டாரு?"

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். நீங்கள் போடும் மாத்திரை இலையில் என்ன இருக்கிறது என்று பார்த்து வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் வெளியே விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. அது நாள்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டுப் பலன் தருகிற மருந்து. இன்று மத்தியானம் கூடுதலாக ஒன்று போட்டால், இன்று மத்தியானம் சாப்பிட்ட பிரியாணியை அது ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கு வேண்டுமானால் வரலாம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. சாப்பாடு வந்ததா, இன்னும் வரிசையில்தான் நிற்கிறீர்களா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. வயிறு காலியாக இருந்தாலும் அவை தூண்டிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு பக்கம், பரோட்டா சால்னா மாதிரி எண்ணெயும் கொழுப்பும் நிறைந்த சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். அதில் இருக்கும் மாவுச்சத்து ரத்தத்துக்கு வந்து சேரத் தாமதமாகும். மாத்திரை முன்னால் வந்து சுகரை இறக்கிவிடுகிறது, சாப்பாடு பின்னால் வந்து ஏற்றுகிறது. ராத்திரி சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மீட்டரில் 170 பார்த்துவிட்டு, 'பார்த்தியா, மாத்திரை வேலை செஞ்சிருச்சு' என்று ஐஸ்கிரீமுக்குக் கிளம்புகிறார்கள். நடு ராத்திரியில் அதே ஆளுக்கு 280 இருக்கும். காலையில் மீட்டரில் ஏறியிருக்கும் சுகரைப் பார்த்துப் பயந்து மறுபடியும் கூடுதலாக ஒன்று போடுவார்கள். அதுதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளைக் கீழே தள்ளும்.

சாப்பிடும் அளவைக் கணக்குப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள், முக்கியமாக உடம்பில் இன்சுலின் கிட்டத்தட்டச் சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்கள், அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள். அவர்களைப் பார்த்து மாத்திரையில் அதைச் செய்யாதீர்கள்.

நம்ம ஊர்தானே என்ற நினைப்பு அடுத்த தொல்லை. கொடைக்கானல் போனால் மருந்துப் பை, மீட்டர், பிஸ்கட் எல்லாம் முதலில் பெட்டிக்குள் போகிறது. டவுன்ஹால் ரோட்டுக்குப் போவதற்கு எதுவும் போவதில்லை. மீட்டர் வீட்டில், இன்சுலின் வீட்டு ஃபிரிட்ஜில். சட்டைப் பையில் மட்டும் பட்டையிலிருந்து கிழித்த இரண்டு மாத்திரை. கிழித்த துண்டில் மருந்தின் பெயர் இருக்காது. ஆள் நினைவில்லாமல் வரும்போது, அந்த மஞ்சள் மாத்திரை எதுவென்று கேஷுவாலிட்டியில் உட்கார்ந்து நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. முழுப் பட்டையோடு எடுத்துக்கொண்டு போங்கள். மருந்துச் சீட்டை இரண்டு பேர் போனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாடு முழுக்க நடந்த சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. அந்த மெஸ் வாசலில் நிற்கும் கூட்டத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கையில் குளுக்கோஸ் வைத்திருப்பவரைத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

சரி, என்ன செய்வது? டிபனை விட்டுவிட்டு மாத்திரை போடாதீர்கள். மத்தியான விருந்துக்கு இடம் வேண்டுமென்றால் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொன்ன கிளிமிபிரைடு வகை மாத்திரையை அறையிலோ வரிசையிலோ போடாதீர்கள். இலை போட்டு, சாப்பாடு கண்ணுக்கு முன்னால் வந்த பிறகு போடுங்கள். சாப்பாட்டு இன்சுலினுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும், உங்களுக்கு எத்தனை நிமிடம் முன்னால் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட்டு சுகர் ஏறினால் ஏறட்டும். ஒரு நாள் 250 இருந்தால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, திங்கட்கிழமை சரி பண்ணிக்கொள்ளலாம். 38 திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காது. எல்லாவற்றையும் இரண்டு பேரும் ஆளுக்கொன்று வாங்காமல் ஒன்றை வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுங்கள். ஜோடியாகப் போவதில் இருக்கும் பெரிய வசதியே அதுதான்.

குளுக்கோஸ் பொடியை ஒரு சின்ன டப்பாவில் கைப்பையில் வையுங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடியும் பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றால் திரும்பவும் கொடுங்கள். தாண்டிய பிறகு சாப்பாடு. இந்த நேரத்தில் அல்வாவும் ஜிகர்தண்டாவும் மருந்தில்லை. நெய்யும் பாலும் சர்க்கரை ரத்தத்துக்குப் போவதைத் தாமதப்படுத்தும். மாவுச்சத்தும் சர்க்கரையும் செரிப்பதைத் தாமதப்படுத்தும் வோக்ளிபோஸ் கலந்த மாத்திரை போடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரைகூட வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். உங்கள் மாத்திரையில் அது இருக்கிறதா என்று பட்டையின் பின்பக்கம் பாருங்கள்.

குடிக்கிற பழக்கம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. வெறும் வயிற்றில் குடித்துவிட்டுத் தூங்கினால் அடுத்த நாள் காலையில்கூட சுகர் இறங்கலாம். வாடை வருவதால் 'போதை, தூங்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோயிலுக்குள் மத்தியான நேரத்தில் வெறுங்காலில் பிராகாரம் சுற்றாதீர்கள். கால் மரத்துப்போனவர்களுக்குக் கல் சுடுவது தெரியாது, ராத்திரி அறையில் பார்த்தால் பாதமெல்லாம் கொப்புளம். காலையிலோ, வெயில் தாழ்ந்தோ போங்கள்.

வயிறு கெட்டு வாந்தி பேதி ஆரம்பித்தால், மெட்ஃபார்மினோ டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோ போடுகிறவர்கள் அடுத்த வேளையைப் போடும் முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கூடப் போகிற மனைவிக்கோ கணவருக்கோ ஒரு வேண்டுகோள். அவர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், பேச்சு குழறினால், சொன்னதையே திரும்பச் சொன்னால், சண்டைக்குப் போகாமல் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால், விழுங்க முடிகிறவராக இருந்தால், குளுக்கோஸைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையை எப்படி மாற்றுவது என்ற சந்தேகம் இருந்தால் வெள்ளிக்கிழமையே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்கிறவர்களில் நிறையப் பேருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அதே மாத்திரை, அதே அளவு, மீட்டரை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டு வாருங்கள்.