சொடுக்கினால் பொருள் வருகிறது, வாசிப்பு?

பிறமொழி வாசிப்பைக் கணினி வழியாகக் கற்பிக்கும் ஆசிரியர்களும் சரி, தாமாகவே கற்பவர்களும் சரி, என்னிடம் முதலில் கேட்பது “எந்தச் செயலி நல்லது?” என்றுதான். பல ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். நான் திருப்பிக் கேட்பது வேறு: எந்தப் பகுதியைப் படிக்க வைக்கப் போகிறீர்கள்? பகுதி தப்பாக அமைந்துவிட்டால் எந்த மென்பொருளும் கரை சேர்க்காது.

உதவியில்லாமல் புரிந்து படிக்க, ஒரு பகுதியின் சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூ, நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. அதற்கு முன் லாஃபர் 1989-இல் சொன்ன அளவு 95. மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 300 சொல் கொண்ட பக்கத்தில் 98 என்றால் தெரியாதவை 6. 95 என்றால் 15. இரண்டு வரிக்கு ஒரு தடவை முட்டும்.

இந்தக் கணக்கைப் போடுவதில் கணினி கெட்டி. பகுதியை ஒட்டினால், எந்தச் சொல் அந்த மொழியில் அடிக்கடி வருவது, எது அபூர்வம் என்று பிரித்துக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் இந்த வேலைக்கு அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. மாணவர் திரை முன் உட்கார்ந்த பிறகுதான் பலருக்குக் கணினியின் நினைப்பே வருகிறது.

அடுத்தது, சொல்லைச் சொடுக்கினால் பொருள் காட்டும் பெட்டி. ஒரு மாணவி படிப்பதைப் பின்னால் நின்று பாருங்கள். மூன்றாவது சொல் தெரியவில்லை. சொடுக்குகிறாள், பெட்டி திறக்கிறது, ஐந்து பொருள் இருக்கிறது, முதலாவதை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடுகிறாள். இப்போது வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்புகிறாளா, நான்காவது சொல்லுக்குப் போகிறாளா? பெரும்பாலும் நான்காவதுக்குத்தான். பத்தி முடிந்ததும் தனித்தனிச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் டக்கென்று வரும். பத்தி என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிப்பாள்.

அதனால் முதல் சுற்றில் பெட்டியை அணைத்துவிடச் சொல்கிறேன். அணைக்க வழியில்லாத மென்பொருளா? அச்செடுத்துக் கொடுத்துவிடுவேன். படித்த பிறகு தாய்மொழியில் இரண்டு வரி எழுத வேண்டும்: யார், என்ன, ஏன். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாம் சுற்றில் சொடுக்கலாம், ஆனால் தான் எழுதிய இரண்டு வரி சரிதானா என்று சந்தேகப்பட வைக்கும் சொற்களை மட்டும். முழுப் பகுதியையும் மொழிபெயர்த்துத் தரும் கருவிகளை நான் தடை செய்வதில்லை. தடை போட்டால் ஒளித்துவைத்துப் பயன்படுத்துவார்கள், அவ்வளவுதான். கடைசிச் சுற்றில் திறந்து, தன் வரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பெட்டிக்கு இன்னொரு குறை, பல கருவிகளில் அது ஒற்றைச் சொல்லை மட்டுமே பார்க்கும். ஜெர்மனில் ‘இஷ் ரூஃபே டிஷ் மோர்கென் ஆன்’ என்றால் ‘நாளை உனக்குப் போன் செய்கிறேன்’. வினையின் ஒரு பாதி இரண்டாம் இடத்தில், மீதி வாக்கியக் கடைசியில். ‘ரூஃபே’யைச் சொடுக்கினால் ‘கூவு’ என்று வரும். ‘ஆன்’ தனியாக வேறு ஏதோ பொருள் காட்டும். பாவம், நாளைக்கு யாரோ கூவப் போகிறார்கள் என்றுதான் மாணவர் நினைப்பார். வாங்குமுன் இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

ஆசிரியருக்கு மென்பொருள் தரும் பதிவுகளில் ‘பக்கத்தில் செலவிட்ட நேரம்’ என்ற எண்ணை நான் கண்டுகொள்வதில்லை. பக்கம் திறந்திருக்கும், ஆள் வேறெங்கோ இருப்பார். எந்தெந்தச் சொல்லைச் சொடுக்கினார் என்பதுதான் எனக்கு வேண்டும். பெயர்ச்சொற்களாகச் சொடுக்கியிருந்தால் சொல்வளம் போதவில்லை. ‘ஆனாலும்’, ‘இல்லாவிட்டால்’ போன்ற இணைப்புச் சொற்களையே திரும்பத் திரும்பச் சொடுக்கியிருந்தால், ஒரு வாக்கியம் அடுத்ததோடு எப்படி ஒட்டுகிறது என்பது பிடிபடவில்லை. அவருக்கு இன்னொரு சொற்பட்டியல் கொடுத்துப் பயனில்லை. ஒன்றையுமே சொடுக்காதவரை எல்லாம் தெரிந்தவர் என்று விட்டுவிடாதீர்கள். பல நேரம் அவர் படிப்பதையே கைவிட்டிருப்பார்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் பகுதியைக் கொடுத்து ‘எளிமையாக்கு’ என்பது வழக்கமாகிவிட்டது. நீண்ட வாக்கியங்களை வெட்டும்போது இணைப்புகள்தான் முதலில் உதிரும். ‘மழை பெய்ததால் ஆட்டம் நின்றது’ என்பது ‘மழை பெய்தது. ஆட்டம் நின்றது.’ என்றாகிறது. வாக்கியம் குட்டையாகிவிட்டது, சரி. காரணத்தை இனி வாசிப்பவரே ஊகிக்க வேண்டும். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இது கூடுதல் சுமை. ‘அபூர்வச் சொற்களை மட்டும் மாற்று, இணைப்புகளைத் தொடாதே’ என்று கேளுங்கள். வந்ததை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள், செய்தியே மாறிப்போய் வருவதும் உண்டு.

திரையா, காகிதமா என்றும் கேட்கிறார்கள். 54 ஆய்வுகளைத் தொகுத்து டெல்கடோ குழுவினர் 2018-இல் வெளியிட்ட அலசலில், தகவல் கட்டுரைகளைக் காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் கூடுதலாக இருந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தபோது இடைவெளி பெரிதானது. கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் கதைகளைத் திரையில் விட்டுவிடுகிறேன், அடர்த்தியான கட்டுரைகளை அச்செடுக்கிறேன்.

அப்புறம், பாடத்தின் முடிவில் வரும் தெரிவுக் கேள்விகள். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன், பகுதியைப் படிக்காமலேயே கேள்விகளுக்கு நீங்கள் விடை சொல்லிப் பாருங்கள். பொது அறிவிலும் ஊகத்திலும் பாதிக்கு மேல் சரியாக வந்தால், உங்கள் மாணவர்களும் படிக்காமலேயே நல்ல மதிப்பெண் வாங்குவார்கள்.