சுழலெண்: 142857க்கு ஒரு தமிழ்ப் பெயர்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அப்பா, அங்க ஏழு கிணறு. ஒரு வாளித் தண்ணிய ஏழுக்கும் சரியாப் பங்கிட்டா, ஒண்டுக்கு எவ்வளவு?" வீட்டுக்கு வந்ததும் கொப்பியில் வகுத்தோம். 0.142857142857... முடியவே இல்லை. மீளும் தசமம் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பதுதான். ஆனால் மீண்டு வரும் அந்த ஆறு இலக்கங்களைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

142857ஐ 2ஆல் பெருக்கினால் 285714. 3ஆல் 428571. 4, 5, 6ஆல் பெருக்கினால் 571428, 714285, 857142. இலக்கங்களும் அவற்றின் வரிசையும் மாறவில்லை, தொடங்கும் இடம்தான் மாறுகிறது. அப்புறம் 7ஆல் பெருக்கினால் 999999!

இப்படிப்பட்ட எண்ணை ஆங்கிலத்தில் சைக்ளிக் நம்பர் என்பார்கள். அதன் வேர் கிரேக்கத்தின் குக்லோஸ். வட்டம், சில்லு என்று பொருள். நாம் மிதிக்கும் சைக்கிளும் அதே வேரில் வந்ததுதான். வடமொழிச் 'சக்ர'மும் குக்லோசுக்கு உடன்பிறப்பு என்பது மொழியியலாளர் முடிவு. ஆகவே 'சக்கர எண்' என்று எழுதினாலும் பொருள் பிழைக்காது.

எனக்குச் 'சுழலெண்'தான் பொருத்தமாகப் படுகிறது. சுழல், சுழற்சி, நீர்ச்சுழி, தலைச்சுழி எல்லாம் ஒரே குடும்பம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மீளும் தசமத்தைச் 'சுழல் தசமம்' என்கிறார்கள். அதிலிருந்து பிறக்கும் எண்ணுக்கும் அதே அடிச்சொல் இருப்பது நல்லது. அதைவிடப் பெரிய காரணம், சுழல்வது உண்மையில் எது என்பது.

1ஐ 7ஆல் வகுக்கும்போது வரும் மீதிகளைக் கவனியுங்கள்: 3, 2, 6, 4, 5, கடைசியில் மறுபடி 1. ஏழால் வகுத்தால் பூச்சியம் தவிர வரக்கூடிய மீதி ஆறே ஆறுதான். அந்த ஆறும் ஒவ்வொரு தடவை வந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகின்றன. 2ஐ 7ஆல் வகுப்பது அதே சுழலில் வேறோர் இடத்தில் இறங்குவதுதான். 13க்கு இது நடக்காது. 1/13இன் 076923ஐ 2ஆல் பெருக்கினால் 153846 என்று வேறொரு வட்டம் வருகிறது. இத்தனைக்கும் 7 போல 13உம் முதன்மை எண், தமிழ்நாட்டார் சொல்லும் பகா எண். இப்படி முழுச் சுற்றுச் சுற்றவைக்கும் முதன்மை எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பது 1927இல் கணிதவியலாளர் எமில் ஆர்ட்டின் முன்வைத்த ஊகத்திலிருந்து கிடைக்கும் செய்தி. இன்றுவரை அதை யாரும் நிறுவவில்லை.

7க்கு அடுத்து அப்படிச் சுற்றவைப்பது 17. அதன் சுழலெண் 0588235294117647, பதினாறு இலக்கம். முன்னால் நிற்கும் பூச்சியத்தை வெட்டினால் சுழல் அறுந்துவிடும். பூச்சியத்துக்கும் தமிழில் சுழி என்றொரு பெயர் உண்டு என்று சொன்னேன். மகள் அதை விடாமல் சேர்த்து, 2ஆல் பெருக்கினாள்: 1176470588235294.